பதினேழாம் கூண்டு

மேட்டூரில் மதகு திறந்த அன்று
இருபது வெள்ளைச் சுண்டெலிகளின் மார்பில்
புற்றுச் செல்களை இறக்கினேன்.
ஒவ்வொரு செல்லிலும்
மின்மினியிடம் கடன் வாங்கிய ஒரு மரபணு.
எங்கே போய் ஒளிந்தாலும்
காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர் கல்லணை வர நான்கு நாள்.
வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பிரிந்து
முறை வைத்து, ஷட்டர் ஏற்றி, இறக்கி,
கடைமடைக்குப் போவதற்குள்
கோட்டூர்க்காரர்கள் ஒருமுறை
சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

செல்களுக்கு முறை கிடையாது.
பதினான்காம் நாள்
கட்டியை வெட்டி எடுத்துத் தைத்தேன்.
ஓரம் சுத்தம். தையல் சுத்தம்.
இருபத்தெட்டாம் நாள்
இருட்டுப் பெட்டிக்குள் மயங்கிக் கிடந்தவற்றின்
நுரையீரலில் வெளிச்சம்.
என்றைக்குக் கிளம்பின?
கத்திக்கு முன்னாலா,
கத்தி பட்டதாலா?

தையல்நாயகி கேட்டதும் இதைத்தான்.
திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், நடவு வேலை.
இடது மார்பை எடுத்து இரண்டு வருஷம்.
மெடிக்கல் காலேஜ் வராந்தாவில்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்:
"அதான் அறுத்துப் போட்டாச்சே.
அப்பறம் இடுப்புக்கு எந்த வழியாப் போச்சு?"
என் நோட்டின் முதல் பக்கத்தில்
அவள் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்.
என் ஆய்வுத் தலைப்பு அதைவிட நீளம்.
அதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறது.

பதினேழாம் கூண்டு மட்டும் இருட்டு.
காமிராவைச் சந்தேகப்பட்டேன்.
ஊசி மருந்தை, பிறகு என் கையை.
மூன்றாவது முறையும் இருட்டு.
அன்று ராத்திரி தூங்கவில்லை.
கட்டுரைக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன்.

காலையில் கூண்டைத் தூக்கிப் பார்த்தால்
சோளச்சக்கைத் துகளுக்கு அடியில்
மஞ்சளாய் ஏதோ.
வைக்கோல்.
கடித்து, கிழித்து,
கிண்ணம்போல் வளைத்து,
நடுவில் அது, வாலைச் சுற்றிக்கொண்டு.

வைரக்கண்ணு மறைக்கவில்லை.
இரவில் எலிக்கூடத்துக் காவல்,
பகலில் வயலில் கிட்டி வைப்பவர்.
வாலுக்கு இருபது ரூபாய்.
"அதுக்குக் குளிருதுங்க மேடம்.
ஏசிக்கு நேர் கீழ.
தையல் போட்ட அன்னிலேருந்து
மூலையில ஒடுங்கியே கிடந்துச்சு."

"வயலில் பிடிக்கிறதும் எலிதானே?" என்றேன்,
கோபத்தில்.
"அது நெல்லத் திங்குது.
இது யாரோடதத் திங்குது?"

பதினேழை அட்டவணையிலிருந்து நீக்க வேண்டும்.
நீக்கினேன்.
சிவப்பு மையில் ஒரு கோடு.
காரணம் என்ற கட்டத்தில்:
வைக்கோல், ஒரு கைப்பிடி.

முப்பத்தைந்தாம் நாள்
எல்லாவற்றையும் திறந்தோம், பதினேழையும்.
வெளிறிய சிவப்பில் நுரையீரல், கண்ணுக்குக் கறை இல்லை.
நுண்ணோக்கியின் கீழ், ஓர் ஓரத்தில்,
நாலைந்து செல்கள்.
வெளிச்சமாய்த் தெரியும் அளவுக்குப் பெருகாதவை.
கோடைச் சேறு காய்ந்த பிறகும்
உள்ளே கிடக்கும் கோரைக்கிழங்குபோல.
செத்தா, தூங்கியா,
தண்ணீருக்குக் காத்தா,
சொல்லத் தெரியவில்லை.
வைக்கோலாலா என்பதும்.
ஒரே ஒரு எலி எதையும் சொல்லாது.

நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டேன்.
பத்துக் கூண்டுக்கு வைக்கோல், பத்துக்கு இல்லை.
எந்த வயல், என்ன ரகம்,
மருந்தடித்ததா என்று கேட்டிருந்தார்கள்.
"சிஆர் ஆயிரத்தொன்பது," என்றார் வைரக்கண்ணு.
"சாலியமங்கலத்துப் போரு. மருந்து அடிக்கல."
பிறகு,
"வைக்கோல் இல்லாத பத்து?"
"அது இல்லாமல் தெரியாது."
"தெரியாதா?"
"தெரியாது."
கொஞ்ச நேரம் கையுறையை உருவி
மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

அனுமதி வந்தபோது குறுவை பால் பிடித்திருந்தது.
ஒற்றைப்படைக் கூண்டுகளுக்கு வைக்கோல்.
அவரே வைத்துக்கொண்டு வந்தார்.
பதினேழில் மட்டும் பிடி கொஞ்சம் பெரிதாய் இருந்தது.

தராசில் போட்டேன்.
இரண்டு கிராம் கூடுதல்.
எடுத்தேன்.